இரவல் நாணயமும் சொந்த நாணயமும்

இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. கையில் ஒலிக்கும் காசும் நாணயம். வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுக்கும் குணமும் நாணயம். காசில்லாதவனும் நாணயமுள்ளவனாக இருக்கலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் போலும். 'கிரெடிட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வேர், நம்புதல் என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்தான். ஆக, கடனின் பிறப்பிடம் நம்பிக்கை. யாரை நம்புவது, எதைக் கொண்டு நம்புவது என்பதில்தான் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது.

எங்கள் தெரு மளிகைக் கடையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. அதில் எங்கள் வீட்டுக்கென்று சில பக்கங்கள். பக்கத்தின் தலையில் அப்பாவின் பெயர். நான் போய்க் கால் லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினாலும் சரி, தம்பி போய்ப் பேனா வாங்கினாலும் சரி, "அப்பா கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்றால் போதும். மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் அப்பா தீர்த்துவிடுவார். இப்படிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நானும் கடனுக்குப் பொருள் வாங்கி வருகிறேன். ஒரு முறையும் பாக்கி நின்றதில்லை. ஆயினும், நாளைக்கே நான் வேலை கிடைத்து வேறொரு ஊரில் அறை எடுத்துத் தங்கினால், அந்த ஊர்க் கடைக்காரர் என்னை நம்பி ஒரு தீப்பெட்டி கடன் தருவாரா? தரமாட்டார். தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. நோட்டில் இருந்தது அப்பாவின் நாணயம். எனக்கு அது இரவல்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த மளிகைக் கடை நோட்டு நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்கள் அங்கே உள்ளன. இவற்றுள் ஈக்விஃபாக்ஸ் 1899-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் வேறு பெயரில் தொடங்கப்பட்டது. கடைக்காரர்களுக்கு, இன்னார் பாக்கி வைக்காதவர், இன்னார் இழுத்தடிப்பவர் என்று பட்டியல் தந்ததே அதன் முதல் தொழில். இன்று வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் மாதந்தோறும் ஒவ்வொருவரின் பற்று வரவையும் இவற்றுக்கு அனுப்புகின்றன. அந்த விவரங்களைக் கொண்டு 300 முதல் 850 வரை ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. 1956-இல் பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித வல்லுநரும் தொடங்கிய நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'ஃபைக்கோ' மதிப்பெண்ணே இவற்றுள் புகழ் பெற்றது. யாருக்கும் பூச்சியம் கிடையாது என்ற அளவில் அது நம் பல்கலைக்கழகத் தேர்வைவிடத் தாராளமானதே! ஆனால், மதிப்பெண்ணே இல்லாதவர் நிலை பூச்சியம் வாங்கியவர் நிலையைவிட மோசம். வீட்டுக் கடன், வாகனக் கடன் மட்டுமல்ல. வாடகைக்கு வீடு கேட்டாலும் அங்கே இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அங்கே ஒருவர் தம் கடன் அட்டைக் கணக்கில் மனைவியையோ மகனையோ சேர்த்து, அவர் பெயர் பொறித்த ஓர் அட்டையை வாங்கித் தரலாம். இவரை 'ஆதரைஸ்டு யூசர்' என்கிறார்கள். அனுமதிப் பயனர் என்று நாம் சொல்லலாம். அனுமதிப் பயனர் செலவு செய்யலாம். கட்ட வேண்டிய பொறுப்பு அட்டைக்கு உரியவரையே சாரும். இருவரும் பொறுப்பேற்கும் கூட்டுக் கணக்கு வேறு, இது வேறு. எனினும், அட்டைக்கு உரியவரின் நீண்டகால நன்னடத்தை அனுமதிப் பயனரின் கடன் அறிக்கையிலும் ஏறிவிடுகிறது. ஒரு நாளும் தம் கையால் பணம் கட்டாதவருக்கும் நல்ல மதிப்பெண் வந்துவிடுகிறது.

கடன் பொறுப்பே இல்லாதவருக்குக் கடன் வரலாறு எப்படி வரும்? இந்த விந்தை ஏன் ஏற்பட்டது என்று தேடப்போய்த்தான், வெறும் வங்கி விதி என்று நான் நினைத்திருந்த ஒன்றின் பின்னால் பெண்களின் போராட்டம் இருப்பதை அறிந்தேன். பேராசிரியர்கள் பலர் அறிந்திருக்கலாம். என்னைப் போன்ற மாணவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் திருமணமான பெண் தன் பெயரில் கடன் பெறுவது எளிதாக இல்லை. வேலைக்குச் செல்லும் பெண்ணாயினும் கணவர் கையொப்பம் கேட்டார்கள். குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாள் என்று கருதி, அவளுடைய வருமானத்தில் பாதியை மட்டும் கணக்கில் கொண்ட வங்கிகளும் உண்டு. வருமானமே இல்லை என்று தள்ளியவையும் உண்டு. கன்னிப் பருவத்தில் தன் பெயரில் கணக்கு வைத்திருந்தவளுக்குத் திருமணமானதும் அந்தக் கணக்கு கணவர் பெயருக்கு மாறிவிடும். முப்பது ஆண்டு இல்லறத்தில் மாதம் தவறாமல் கடையிலும் வங்கியிலும் பணம் கட்டியவள் அவளாகவே இருப்பாள். கணவர் இறந்த மறுநாள் அவளுக்கென்று ஒரு வரி வரலாறும் இராது. மணவிலக்குப் பெற்றவள் கதியும் அதுவே. கொண்டவன் இருந்தவரை மகாராணி, அவன் போனபின் முகவரி அற்றவள் என்ற நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்று தெரிகிறது.

1974-இல் இதற்கு ஒரு சட்டம் வந்தது. சமவாய்ப்புக் கடன் சட்டம் என்று தமிழில் சொல்லலாம். அதன் மசோதா நாடாளுமன்றக் குழுவின் முன் இருந்தபோது அதில் பெண்களைப் பற்றிய சொல் இல்லை. குழுவில் இருந்த லூசியானா மாநில உறுப்பினர் லிண்டி பாக்ஸ் அம்மையார், பால் வேறுபாடோ மணநிலையோ காரணமாகக் கடன் மறுக்கக் கூடாது என்னும் சொற்களைத் தம் கைப்படச் சேர்த்து, நகல் எடுத்து, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் கொடுத்தார். மறதியால் விட்டுவிட்டீர்கள் போலும் என்று இனிமையாகவும் சொன்னாராம். யாரால் மறுக்க முடியும்? இவர் கணவர் ஹேல் பாக்ஸும் அந்த அவையின் உறுப்பினராக இருந்தவர். 1972 அக்டோபரில் அலாஸ்காவில் அவர் சென்ற விமானம் காணாமற்போனது. அந்த இடத்துக்குத்தான் 1973-இல் அம்மையார் தேர்ந்தெடுக்கப்பட்டார். கணவரை இழந்த ஒரு பெண் அந்தக் குழுவில் அமர்ந்திருந்ததால்தான் அந்த விடுபாடு கண்ணில் பட்டது என்பது என் எண்ணம். 1974 அக்டோபர் 28 அன்று அதிபர் ஃபோர்டு அச்சட்டத்தில் கையொப்பமிட்டார்.

கடன் மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டால் ஆயிற்றா? "உங்கள் பெயரில் வரலாறு இல்லையே அம்மா" என்று வங்கி சொன்னால் என்ன செய்வது? எனவே, அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி, கணவனும் மனைவியும் பயன்படுத்தும் கணக்கின் விவரத்தை இருவர் பெயரிலும் அனுப்ப வேண்டும் என்றது. இருவரும் பொறுப்பாளிகளா, ஒருவர் வெறும் பயனர்தானா என்ற பேதம் அதில் இல்லை. காலப்போக்கில் வங்கிகள் மனைவி எது, மகன் எது என்று பிரித்துப் பார்க்காமல் அனுமதிப் பயனர் எல்லோருடைய விவரத்தையும் அனுப்பத் தொடங்கின. இல்லத்தரசிக்காகத் திறந்த கதவு வழியே கல்லூரி மாணவனும் உள்ளே வந்துவிட்டான்.

கதவு திறந்திருந்தால் வேண்டாதவரும் வருவர் அல்லவா? 2007 வாக்கில் இதை ஒரு வணிகமாகவே நடத்தினார்கள். நல்ல வரலாறுடைய கணக்கில் முன்பின் தெரியாத ஒருவரைப் பணம் வாங்கிக்கொண்டு அனுமதிப் பயனராகச் சேர்ப்பது. அட்டையை மட்டும் அவர் கையில் கொடுப்பதில்லை. பெயர் மட்டும் தங்கிப் போகும் சத்திரம் அது! இதைக் கண்ட ஃபைக்கோ நிறுவனம் இனி அனுமதிப் பயனர் கணக்குகளை மதிப்பெண்ணில் சேர்ப்பதே இல்லை என்று அறிவித்தது. அப்படிச் செய்தால் உண்மையான மனைவியரின் வரலாறும் சேர்ந்து அழிந்துவிடும், 1974-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அது முரணாகும் என்ற எதிர்ப்பு எழுந்தது. 2008-இல் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டு, விலைக்கு வாங்கிய இடங்களை மட்டும் வடிகட்ட முயலும் புதிய கணக்கீட்டைக் கொண்டுவந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாமல் விட்டது நல்லதே.

இவ்வளவும் இருந்தும் இரவல் இரவலே என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே சான்று உண்டு. என் பெரியம்மாவின் மகள் 2017-இல் திருமணமாகி டெக்சஸ் மாநிலத்துக்குச் சென்றாள். முதுகலைப் பட்டதாரி, ஆனால் விசாவின் தன்மையால் சில ஆண்டுகள் வேலைக்குச் செல்ல இயலவில்லை. அத்தான் தம் கடன் அட்டையில் அக்காவை அனுமதிப் பயனராகச் சேர்த்திருந்தார். நான்கு ஆண்டுகளில் அவளுக்கு 730-க்கு மேல் மதிப்பெண். பின்னர் வேலை செய்ய அனுமதி கிடைத்து, வேறொரு மாநிலத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. கைக்குழந்தையுடன் அங்கே போய் வீடு கேட்டாள். மதிப்பெண்ணைப் பார்த்து முகம் மலர்ந்த குடியிருப்பு மேலாளர், அறிக்கையைப் புரட்டியதும் முகம் மாறினாராம். இருந்த ஒரே கணக்கும் பிறருடையது; இவள் பெயரில் இவள் பொறுப்பில் ஒன்றுமில்லை. இரட்டை முன்பணம் கொடுங்கள், அல்லது கணவரைக் கையொப்பமிடச் சொல்லுங்கள் என்றார். நல்ல வங்கி ஒன்றில் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தாள், அங்கும் மறுப்பு. மறுத்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும் என்பது அதே சமவாய்ப்புச் சட்டத்தின் கொடை. வந்த கடிதத்தில், தங்கள் சொந்தப் பெயரில் போதிய கடன் வரலாறு இல்லை என்று ஒரே வரி. "எம்.எஸ்சி. வரை முதல் வகுப்பு வாங்கினேன், இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளவே யோசிக்கிறார்கள்" என்று தொலைபேசியில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்; பெரியம்மாவால் சிரிக்க முடியவில்லை.

பின்னர் அவள் செய்தவற்றை வரிசையாகவே கேட்டு எழுதிக்கொண்டேன். முதல் வேலையாக மூன்று நிறுவனங்களிலிருந்தும் தன் அறிக்கைகளைப் பெற்றுப் படித்தாள். இதற்குக் கட்டணம் இல்லை; இப்போது வாரம் ஒரு முறை வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்து, பிணைவைப்புக் கடன் அட்டை ஒன்று வாங்கினாள். 300 டாலரை வங்கியில் பிணையாக வைத்தால் 300 டாலர் வரம்புள்ள அட்டை தருவார்கள். நம் பணத்தையே நமக்குக் கடன் தருகிறார்களே, இதில் என்ன சிறப்பு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிணைப் பணம் அப்படியே கிடக்கும்; மாதந்தோறும் செலவு செய்த தொகையை வேறு பணத்தால் கட்ட வேண்டும். கட்டினாளா இல்லையா என்ற செய்தி அவள் பெயரிலேயே, அவள் பொறுப்பிலேயே அறிக்கையில் ஏறும். வங்கிக்கு நட்டப் பயமில்லை. இவளுக்கு எழுதத் தொடங்க ஒரு வெற்றுத்தாள் கிடைக்கிறது. அதற்காகத்தான் அந்த 300 டாலர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு; வணிகவியல் மாணவர் கவனிக்கத் தக்கது. ஃபைக்கோ மதிப்பெண்ணில் ஏறத்தாழ 35 விழுக்காடு, தவணை தவறாமல் கட்டியதற்கு. 30 விழுக்காடு, கடன்பட்டிருக்கும் தொகைக்கு. வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது இதில் முக்கியம். பெரும்பாலான வங்கிகள் பட்டியல் போடும் நாளில் உள்ள பாக்கியைத்தான் தகவல் நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. 300 டாலர் வரம்பில் 240 டாலருக்கு மளிகை வாங்கிவிட்டு, கெடு நாளுக்கு முன்பே முழுவதும் கட்டினாலும், அறிக்கையில் 80 விழுக்காடு பயன்பாடு என்றே பதிவாகும். கழுத்தளவு கடனில் இருப்பவர் என்று கணக்கு நினைத்துக்கொள்ளும். அதே 240-ஐச் செலவு செய்து, பட்டியல் போடும் நாளுக்கு முன்பே 220-ஐக் கட்டிவிட்டால் பாக்கி 20. பயன்பாடு 7 விழுக்காட்டுக்கும் குறைவு. செலவும் அதே, நேர்மையும் அதே, நாள்தான் வேறு. ஆனால் இதற்காக மிகவும் கலங்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் பாக்கி குறைந்தால் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். முப்பது நாள் தவணை தவறினால் ஏறும் குறிப்போ ஏழு ஆண்டு நிற்கும். மாதாமாதம் கொஞ்சம் பாக்கி வைத்து வட்டி கட்டினால்தான் மதிப்பெண் ஏறும் என்று அங்கேயும் பலர் நம்புகிறார்களாம். அது வெறும் வதந்தி. வங்கிக்கு வட்டி கிடைக்கும், நமக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காது.

அட்டையோடு சிறு கடன் ஒன்றும் எடுத்தாள். கூட்டுறவு முறையில் இயங்கும் கிரெடிட் யூனியன்கள், நாணயம் வளர்ப்பதற்கென்றே ஒரு கடன் தருகின்றன. 500 டாலர் கடன் என்று எழுதிக்கொள்வார்கள். பணத்தைக் கையில் கொடுக்கமாட்டார்கள். பூட்டிய கணக்கில் அது இருக்கும். ஓராண்டு மாதத் தவணை கட்டி முடித்ததும் பணம் கைக்கு வரும். நம் அஞ்சலகத் தொடர் வைப்பைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியோ அப்படி. வட்டியாகச் சிறு தொகை நட்டம்தான். அதைக் கல்விக் கட்டணம் என்று வைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் அத்தானின் அட்டையிலிருந்து விலகிவிடட்டுமா என்று அவளுக்கு ஒரு வேகம் வந்தது. நல்ல வேளையாக விலகவில்லை. அனுமதிப் பயனர் பெயரை நீக்கினால் அந்தக் கணக்கின் வரலாறும் பெரும்பாலும் அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். ஃபைக்கோ மதிப்பெண் பெறக் குறைந்தது ஆறு மாத வயதுள்ள கணக்கு ஒன்றாவது வேண்டும். சொந்தக் கணக்கு தவழும் பருவத்தில் இருக்கும்போது இரவல் தூணை எடுத்துவிட்டால் இருந்த மதிப்பெண்ணும் போய்விடும். இதற்கு விலக்கும் உண்டு. அட்டைக்கு உரியவர் தவணை தவறத் தொடங்கிவிட்டால், அல்லது வரம்பு முட்டக் கடன்பட்டுவிட்டால் உடனே விலகிவிடுவதே அறிவுடைமை. நல்லது ஏறியது போலவே கெட்டதும் ஏறும். விலகுவதற்கு வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அட்டைக்கு உரியவர் இறந்துவிட்டாலோ அனுமதிப் பயனர் அந்த அட்டையைத் தொடவே கூடாது.

எட்டு மாதங்கள் கழிந்தபின் அந்த வங்கியே பிணைப் பணத்தைத் திருப்பித் தந்து, அக்காவின் அட்டையைச் சாதாரண அட்டையாக மாற்றிக்கொடுத்தது. வரம்பும் உயர்ந்தது. இரண்டாவது வீட்டுக்கு அவள் கையொப்பம் மட்டுமே கேட்டார்கள்.

வருமானமற்ற மனைவியர் கதை அங்கே முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2009-இல் வந்த கடன் அட்டைச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோர் தமக்கெனத் தனி வருமானம் காட்ட வேண்டும், இல்லையேல் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்றது. மாணவர்களைக் கடன் வலையிலிருந்து காக்கும் நோக்கம் அதற்கு. ஆனால் 2011-இல் அதன் கீழ் வந்த ஒரு விதி, எல்லா வயதினருக்கும் தனி வருமானம் வேண்டும் என்று விரிந்தது. இல்லத்தரசிகள் மீண்டும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 2013-இல் அது திருத்தப்பட்டது. 21 வயது நிரம்பியவர், தமக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய குடும்ப வருமானத்தையும் இப்போது காட்டலாம்.

நம் நாட்டு நிலையையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நம் வங்கிகள் தரும் ஆட்-ஆன் அட்டை பார்வைக்கு அமெரிக்க அனுமதிப் பயனர் அட்டை போலவே இருக்கும். ஆனால் அதன் பற்று வரவு முதன்மை அட்டைதாரர் பெயரிலேயே பதிவாகும். உடன் அட்டை பெற்றவருக்கு இரவல் நாணயம்கூடக் கிடையாது. தந்தையின் ஆட்-ஆன் அட்டையோடு பெருமையாக உலவும் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக. மாறாக, அட்டையே பார்த்திராத நம் கல்லூரித் தோழர் பலர் தம் பெயரில் கடன் வரலாறு உடையவர்கள் என்பதை அறியாமல் இருக்கிறார்கள். கல்விக் கடன் பெற்றவர்களைத்தான் சொல்கிறேன். அதில் மாணவரே கடனாளி, பெற்றோர் உடன் கடனாளி. இருவர் அறிக்கையிலும் அது ஏறும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்காது என்பது பொதுவான திட்டம். தொடங்கியபின் ஒரு தவணை தவறினால், வேலை தேடும் மகனின் பெயரோடு வீட்டில் இருக்கும் தந்தையின் பெயரும் கெடும்.

இங்கே சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பார்க்கும்போது முதலில் பெயரைப் பாருங்கள். நம் பெயருக்கு முன் நிற்கும் தந்தையின் தலைப்பெழுத்து, பான் அட்டையில் விரிந்தும் வங்கிக் கணக்கில் சுருங்கியும் இருப்பதால் நம்மவர் அறிக்கைகளில் குழப்பம் அதிகம். பிழை இருந்தால் எழுதிக் கொடுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது.